அதே ஊசிதானே, அண்ணே?



இந்தக் கட்டுரையை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். காரணம், இதில் என் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்ம ஆளுங்க இனிப்பு நீரைப் பற்றி மாமாக் கடையில் உட்கார்ந்து சத்தமாகவே பேசுவோம். இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் கல்யாணப் பந்தியில்கூட பேச்சில் வரும். ஆனால் ஓர் ஆண், "என் உடம்பில் ஆண் ஹார்மோன் சுரக்கவில்லை, ஊசி போட்டுக்கொள்கிறேன்" என்று வாய்திறந்து சொல்வானா? நான் ஒன்பது வருடம் சொல்லவில்லை. ஒரு தம்பி கேட்ட கேள்விதான் என்னைச் சொல்ல வைத்தது.

எங்கள் தாமானில் கடைவீட்டு மாடியில் ஒரு ஜிம் இருக்கிறது. வேலை முடிந்து வாரம் மூன்று நாள் போவேன். அங்கே வரும் ஒரு தம்பி, வயது 22. நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தேவார வகுப்புக்கு நாற்காலி எடுத்துப் போடுபவன். அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பெரிய காவடி எடுக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பையைத் திறந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியைக் காட்டினான்.

"அண்ணே, இது நல்ல சாமானா பாத்துச் சொல்லுங்க. நாலு வாரமா போடறேன்."

டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது மருந்துடா, விளையாட்டு இல்ல, உடம்பைக் கெடுத்துக்காதே என்று மூச்சுவிடாமல் திட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"நீங்களும் ஆஸ்பத்திரியில இதைத்தான் போடறீங்கன்னு கேள்விப்பட்டேன். அதே ஊசிதானே, அண்ணே? உங்களுக்குச் சரின்னா எனக்கு மட்டும் ஏன் தப்பு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "உனக்கு நோய் இல்லை, எனக்கு நோய் இருக்கு" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அது முழுப் பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. கண் பார்வை நன்றாக இருப்பவன் கண்ணாடி போட்டால் நாம் பாவம் என்று சொல்வதில்லையே. நோய் இல்லாதவன் ஒரு மருந்தைப் போட்டு இன்னும் பலமாக ஆனால் அதில் என்ன தவறு? இந்தக் கேள்வியோடு நான் பல நாள் நடந்தேன். அந்த நடையில் எனக்குப் புரிந்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

என் கதை

29 வயதில் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. மோட்டார் ஓட்டும்போது பக்கவாட்டில் வரும் வண்டி கண்ணில் படவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு அடியில், பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் கண் நரம்பை அழுத்துகிறது. மூக்கு வழியாக அறுவை செய்து எடுத்தார்கள். பார்வை திரும்பியது. சுரப்பியின் வேலை முழுதாகத் திரும்பவில்லை.

பிட்யூட்டரி என்பது வீட்டில் அம்மா மாதிரி. அவர் நேரடியாக எல்லா வேலையையும் செய்வதில்லை. யார் எப்போது என்ன செய்யவேண்டும் என்று குரல் கொடுப்பார். அந்தக் குரலைக் கேட்டுத்தான் விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன, விந்தணுவையும் உண்டாக்குகின்றன. என் வீட்டில் குரல் நின்றுபோனது. விரைகள் நன்றாகத்தான் இருந்தன, சொல்ல ஆள் இல்லை. முகத்தில் முடி குறைந்தது. மாடிப்படி ஏறினால் கால் துவண்டது. எதிலும் ஆசை இல்லை, கோபம்கூட வரவில்லை. அப்போது கல்யாணம் ஆகி ஆறு மாதம்.

ஊசி ஆரம்பிப்பதற்கு முன் டாக்டரம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "உங்களுக்குக் குழந்தை வேண்டுமா?" எனக்குப் புரியவில்லை. ஆண் ஹார்மோன் போட்டால் குழந்தை பிறக்க உதவும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் சொன்னது நேர்மாறு. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை, "இரத்தத்தில் போதுமான அளவு இருக்கிறதே" என்று எண்ணிக்கொள்ளும். விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி விழுந்துவிடும். இது எவ்வளவு உறுதியான விளைவு என்றால், உலகச் சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட்டை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்துப் பார்த்து, 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. ஆண்மை ஊசி என்று ஜிம்மில் விற்கப்படும் அதே மருந்துதான்!

ஆகவே எனக்கு முதலில் வேறு ஊசி கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்கும் மேல். என் மகள் பிறந்த பிறகுதான் டெஸ்டோஸ்டிரோனுக்கு மாற்றினார்கள். இப்போது 12 வாரத்துக்கு ஒரு முறை, 1000 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் அண்டெகனோவேட், 4 மில்லிலிட்டர் எண்ணெயில், பின்பக்கத் தசையில். நர்ஸ் மெதுவாக ஏற்றுவார், இரண்டு நிமிடம் பிடிக்கும். பிறகு சிறிது நேரம் உட்காரவைத்து, இருமல் மூச்சுத்திணறல் ஒன்றும் இல்லை என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

எண்ணெயில் கரைத்த ஆசை

இந்த மருந்துக்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. 1889-இல் பாரிஸில் பிரவுன்-செக்கார்ட் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர், 72 வயதில், நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விரைச் சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். இளமை திரும்பிவிட்டது, படியேற முடிகிறது என்று அறிஞர் சபையில் அறிவித்தார். ஐரோப்பா முழுவதும் அந்தச் சாற்றுக்கு ஆள் கூடியது. இன்று நமக்குத் தெரியும்: டெஸ்டோஸ்டிரோன் நீரில் கரைய மறுக்கும் பொருள், அந்த நீர்ச் சாற்றில் அது ஏறக்குறைய இருந்திருக்கவே முடியாது. அவரைப் படியேற்றியது மருந்து இல்லை, நம்பிக்கை. ஐந்து வருடத்தில், 1894-இல், அவர் காலமானார்.

உண்மையான பொருள் 1935-இல் கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லகோர் குழுவினர் காளைகளின் விரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் அடோல்ஃப் புட்டேனாண்ட், லியோபோல்ட் ருஷிச்கா ஆகிய இருவரின் குழுக்களும் கொலஸ்ட்ராலிலிருந்து அதைச் செயற்கையாகத் தயாரித்தன. 1939-இன் வேதியியல் நோபல் பரிசு இந்த இருவருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது.

வாயால் விழுங்கினால் கல்லீரல் அதை உடனே சிதைத்துவிடும். அதனால் ஊசி. வெறும் டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டாலும் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் அதன் வாலில் ஒரு கொழுப்பு அமிலத்தைக் கட்டி, எண்ணெயில் கரைத்துத் தசையில் வைக்கிறார்கள். அங்கிருந்து அது கசிந்து கசிந்து இரத்தத்தில் கலக்கும். என்ன எண்ணெய் தெரியுமா? எனந்தேட்டுக்குப் பெரும்பாலும் நல்லெண்ணெய். என்னுடைய அண்டெகனோவேட்டுக்கு விளக்கெண்ணெய். நம் பாட்டிகள் தலைக்கும் வயிற்றுக்கும் கொடுத்த அதே எண்ணெய்கள். முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ஆறுதலும் வந்தது.

அளவுதான் மருந்து

திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் 'மருந்து'. அதைத் திறந்து மூலிகைப் பெயர் தேடினால் ஏமாந்துபோவோம். வள்ளுவர் அங்கே பெரும்பாலும் பேசுவது அளவைப் பற்றி. மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய் என்றுதான் அந்த அதிகாரமே தொடங்குகிறது.

இந்தக் கண்ணாடியில் இரண்டு ஊசிகளையும் பார்ப்போம். ஒரு ஆரோக்கியமான ஆணின் உடம்பு நாளொன்றுக்குச் சில மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது; 10 மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. என் ஊசியில் 1000 மில்லிகிராம் என்று எழுதியிருந்தாலும், கட்டிய வாலைக் கழித்தால் டெஸ்டோஸ்டிரோன் சுமார் 630 மில்லிகிராம். அதை 84 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 7.5. அதாவது என் உடம்பு தானே சுரந்திருக்க வேண்டிய அளவு. அவ்வளவுதான். எனக்கு ஊசி போட்டதால் நான் சூப்பர்மேன் ஆகவில்லை. மற்றவர்கள் சும்மா இருந்தே பெற்றிருப்பதை நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

தம்பிக்கு ஜிம்மில் சொல்லிக் கொடுத்தது வாரத்துக்கு 500 மில்லிகிராம் எனந்தேட். அதில் டெஸ்டோஸ்டிரோன் 360. ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 51. என் அளவைப் போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அதுவும் புட்டியில் எழுதியிருப்பது உண்மை என்றால்! அந்தப் புட்டியில் பதிவு எண் இல்லை. நம் நாட்டில் பதிவு செய்யப்பட்ட மருந்துப் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் எண்ணும், பளபளக்கும் பாதுகாப்பு வில்லையும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை. உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது.

அளவைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. என் உடம்பில் குரல் ஏற்கனவே நின்றுவிட்டது. ஊசி அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. தம்பியின் உடம்பில் குரல் நன்றாக ஒலித்துக்கொண்டிருந்தது. ஊசி அதன் வாயைப் பொத்துகிறது. அதே மருந்துதான். என்னிடம் அது நோயைச் சரிசெய்கிறது. அவனிடம், எனக்கு வந்த அதே நோயை உண்டாக்குகிறது. "அதே ஊசிதானே" என்ற கேள்விக்கு இதுதான் என் முதல் பதில். மருந்தா விஷமா என்பது புட்டிக்குள் தீர்மானமாவதில்லை, அது யாருடைய உடம்புக்குள் எதற்காகப் போகிறது என்பதில் தீர்மானமாகிறது.

ஆனால் வேலை செய்கிறதே!

இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். இளைஞர்களிடம் பொய் சொல்லித் தடுக்க முடியாது. "அதெல்லாம் சும்மா தண்ணி, சதை ஏறாது" என்று சொல்லும் பெரியவர்கள் தோற்றுப்போவது அதனால்தான். சதை ஏறும். 1996-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 43 ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்து, சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் வீதம் பத்து வாரம் கொடுத்தார்கள். ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சுமார் 6 கிலோ ஏறியது. ஊசி இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுமார் 2 கிலோ. ஊசி மட்டும் போட்டு எடையே தூக்காதவர்களுக்கு 3 கிலோ! உழைத்தவனைவிட உழைக்காதவனுக்கு அதிகம்.

அப்படியென்றால் தம்பி சொல்வது நியாயம்தானே? "என் உடம்பு, என் காசு, என் முடிவு."

இந்த வாதத்தை நான் சுலபமாகத் தள்ளமாட்டேன். நம் உடம்பின் மேல் நமக்கு உரிமை உண்டு. ஆனால் ஒருவன் முடிவு செய்கிறான் என்றால், கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கமும் அவன் கண்முன் இருக்க வேண்டும். ஜிம்மில் ஊசி விற்கிறவன் வரவுப் பக்கத்தை மட்டும்தான் காட்டுகிறான். செலவுப் பக்கம் இது: விரை சுருங்கும், விந்தணு குறையும். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம், இரண்டு வருடம். எல்லோருக்கும் முழுசாகத் திரும்பும் என்று எந்த டாக்டரும் கையெழுத்துப் போட்டுத் தரமாட்டார். இரத்தத்தில் சிவப்பணு பெருகி இரத்தம் கெட்டியாகலாம். நல்ல கொழுப்பு இறங்கும். பரு வரும். உபரி டெஸ்டோஸ்டிரோனை உடம்பு ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதால் மார்பு பெருக்கலாம். ஊசியைப் பகிர்ந்தால் கல்லீரல் அழற்சி, எச்.ஐ.வி. நிறுத்திய பிறகு வரும் சோர்வும் மனவாட்டமும் தாங்காமல் மறுபடி ஊசிக்கே போகிறவர்கள் உண்டு. முதல் ஊசியை ஆசை போடுகிறது. பிறகு வருவதைப் பயம் போடுகிறது. அப்புறம் "என் முடிவு" என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

யயாதி வாங்கிய கடன்

மகாபாரதத்தில் யயாதி மன்னன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சுக்கிராச்சாரியார் சாபத்தால் அவனுக்கு அகால முதுமை வந்தது. இன்பம் இன்னும் தீரவில்லை. பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "உன் இளமையை எனக்குக் கொடு, என் முதுமையை வாங்கிக்கொள்" என்று கேட்டான். மூத்தவர்கள் மறுத்தார்கள். கடைசி மகன் பூரு கொடுத்தான். ஆயிரம் வருடம் அனுபவித்த பிறகுதான் யயாதிக்குத் தெரிந்தது, ஆசை அனுபவித்தால் அடங்காது என்று. இளமையை மகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனான்.

சின்ன வயதில் இந்தக் கதையை ஆசையின் கதையாகத்தான் கேட்டேன். இப்போது அது கடனின் கதையாகத் தெரிகிறது. யயாதிக்கு வந்த பலம் வானத்திலிருந்து விழவில்லை. ஒருவன் அதற்காகக் கிழவனாக உட்கார்ந்திருந்தான். பலம் கிடைக்கும்போதெல்லாம் கேட்கவேண்டிய கேள்வி இது: இதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

யயாதி தன் மகனிடம் கேட்டாவது வாங்கினான். பூரு சம்மதித்தான். 22 வயதில் ஊசி போடுகிற தம்பி, இன்னும் பிறக்காத பிள்ளையிடமிருந்து, நாளை அவனுக்கு மனைவியாக வரப்போகிற ஒரு பெண்ணிடமிருந்து, 40 வயதில் இருக்கப்போகிற தன்னிடமிருந்தே கடன் வாங்குகிறான். அவர்கள் யாரும் சம்மதம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. "என் உடம்பு" என்று நாம் சொல்லும்போது அதில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் பாருங்கள். திருமூலர் உடம்பைக் கோயில் என்றார். கோயில் என்றால் தனியார் சொத்து இல்லை என்றும் ஒரு பொருள் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு வந்த சபலம்

இதுவரை படித்துவிட்டு, "அண்ணன் ரொம்ப யோக்கியர்" என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் நான் டாக்டரம்மாவிடம் போய், "பன்னிரண்டு வாரம் ரொம்ப நீளமா இருக்கு, எட்டு வாரத்துக்கு ஒருதரம் கொடுங்க" என்று கேட்டேன். களைப்பாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன். உண்மையான காரணம் அது இல்லை. ஊசி போட்ட முதல் சில வாரம் உடம்பில் ஒரு மிடுக்கு இருக்கும். கண்ணாடியில் தோள் அகலமாகத் தெரியும். அது எப்போதும் இருக்கவேண்டும் என்று ஆசை. இரத்தத்தைச் சோதித்தார். சிவப்பணுவின் பங்கு 53 சதவீதம். 54-ஐத் தாண்டினால் ஊசியையே நிறுத்தவேண்டும் என்றார். "உங்களுக்கு வேண்டியது கிடைக்கிறது. இது வேண்டுவது அல்ல, வேண்டும் என்று தோன்றுவது" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார்.

ஆக, நோயாளி என்ற சீட்டு கையில் இருந்தாலும் ஆசை உள்ளே வரும். எனக்கும் தம்பிக்கும் நடுவில் இருக்கும் கோடு, நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் நடுவில் போட்ட கோடு அல்ல. அது எனக்குள்ளேயும் ஓடுகிறது.

நம் வீட்டு அங்கிள்களுக்கும் இது பொருந்தும். வயது ஏற ஏற இந்த ஹார்மோன் மெல்லக் குறைவது இயல்பு. பருமனும் இனிப்பு நீரும் அதை இன்னும் குறைக்கும். உடம்பு எடை குறைந்தால் அது தானே ஏறுவதும் உண்டு. காலையில், இரண்டு தனி நாளில் இரத்தம் எடுத்து, அறிகுறியும் சேர்ந்து இருந்தால்தான் சிகிச்சை. வெறும் வயதால் மட்டும் குறைந்தவர்களுக்கு இதன் பயனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் எச்சரித்தது. 2023-இல், இதய நோய் உள்ள அல்லது வரும் ஆபத்துள்ள, ஹார்மோன் குறைந்த 5,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் டெஸ்டோஸ்டிரோன் களிம்பைச் சோதித்த பெரிய ஆய்வு, மாரடைப்பு அதிகரிக்கவில்லை என்று கண்டது. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் இரத்தக்கட்டியும் சற்றுக் கூடுதலாக இருந்தன. ஆகவே தேவையானவர் பயந்து ஒதுங்கவும் வேண்டாம், தேவையில்லாதவர் விளம்பரத்தைப் பார்த்து ஓடவும் வேண்டாம்.

ஆண்மை எங்கே இருக்கிறது?

கோபம் தணிந்த பிறகு ஒரு நாள் தம்பியிடம் கேட்டேன், "ஏன்டா ஆரம்பிச்ச?" நெடுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான். பள்ளியில் அவனை 'குச்சி' என்று கூப்பிடுவார்களாம். கல்லூரியில் ஒரு கலாட்டாவில் எல்லோர் முன்னாலும் ஒருவன் அவனைத் தள்ளிவிட்டான். விழுந்தவனைப் பார்த்து ஒரு பெண் சிரித்தாள். "காவடி எடுக்கும்போது எல்லாரும் பாக்கணும் அண்ணே" என்றான். அங்கேதான் உண்மையான நோய் இருந்தது. புட்டிக்குள் அதற்கு மருந்து இல்லை.

எனக்கு அவனைப் புரிந்தது. கட்டி எடுத்த பிறகு நானும் அப்படித்தான் இருந்தேன். ஆண்மை போய்விட்டது என்று நினைத்தேன். மனைவியிடம்கூட மூன்று மாதம் சொல்லாமல் மறைத்தேன். ஆனால் பாருங்கள், நான் அப்பாவாக உதவியது டெஸ்டோஸ்டிரோன் இல்லை. எச்.சி.ஜி. என்ற ஊசி. அது கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் ஹார்மோன்! யாரோ முகம் தெரியாத தாய்மார்களின் உடம்பில் சுரந்தது, என் உடம்பில் நின்றுபோன குரலாகப் பேசியது. பெண்கள் உடம்பிலும் டெஸ்டோஸ்டிரோன் உண்டு. ஆண்கள் எலும்பு உறுதியாக இருக்க, டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறியே ஆகவேண்டும். நம் முன்னோர் ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அர்த்தநாரீஸ்வரர் முன்னால் நிற்கும்போது, ஆண் என்பது பெண்ணைத் துளியும் கலக்காத ஒன்று என்ற எண்ணம் எனக்கு இப்போது வருவதில்லை.

வள்ளுவர் 'பேராண்மை' என்ற பெரிய சொல்லை யாருக்குக் கொடுத்தார்? பிறன் மனைவியை நோக்காதவனுக்கு. தோள் அளவைச் சொல்லவில்லை, கட்டுப்பாட்டைச் சொன்னார். காவடியும் அப்படித்தானே? அலகு குத்துவதற்கு முன் விரதம் ஏன்? சுமையைத் தாங்குவது சதை மட்டும் இல்லை என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கத்தான். பார்க்கிறவர்களுக்காகச் சதை ஏற்றிக்கொண்டு முருகனுக்குக் காவடி எடுத்தால், அந்தக் காவடி யாருக்கு?

நான்காவது ஆள்

'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறார்: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவன். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் முழுமையாகாது.

என் ஊசிக்கு நாலும் இருக்கிறது. "குழந்தை வேண்டுமா" என்று கேட்ட டாக்டர் இருக்கிறார். "போதும்" என்று சொன்னவரும் அவர்தான். வீட்டில் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைக்கும் மனைவி இருக்கிறார். தம்பியின் ஊசிக்கு இரண்டுதான்: அவனும் புட்டியும். மருத்துவர் இடத்தில் வியாபாரி. நான்காவது இடத்தில் யாருமே இல்லை. கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தானே தொடையில் குத்திக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவனைத் திட்டினேனே தவிர, அந்தக் காலி இடத்தில் போய் நிற்கவில்லை. அன்றிரவே கூப்பிட்டேன். "நாளைக்குக் கிளினிக்குப் போவோம், நானும் வரேன். டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லு, மறைக்காதே." உடனே சம்மதிக்கவில்லை. "யோசிக்கிறேன் அண்ணே" என்றான். பத்து நாள் கழித்து அவனே கூப்பிட்டான்.

டாக்டர் திட்டவில்லை. இரத்தம் எடுத்தார், நிறுத்தச் சொன்னார், திரும்பத் திரும்ப வரச் சொன்னார். நிறுத்திய பிறகு நாலு மாதம் அவனுக்குக் கஷ்டகாலம். ஏறிய சதையில் பாதி இறங்கியது. காலையில் எழ மனமில்லை. "எதுக்கு வாழறோம்னு தோணுது" என்று ஒரு நாள் சொன்னான். அன்று வேலையைப் போட்டுவிட்டு அவன் வீட்டுக்கே போய்விட்டேன். என்ன பேசினோம் என்று நினைவில்லை. தே தாரிக் குடித்தோம், பந்து பார்த்தோம். அவன் அம்மாவிடம் அவனே விஷயத்தைச் சொன்னான். அன்றிலிருந்து அவனுக்கு நான்காவது ஆள் இரண்டு பேர்.

அந்தத் தைப்பூசத்தில் அவன் காவடி எடுக்கவில்லை. விரதம் இருந்து, மஞ்சள் வேட்டியோடு, பால்குடம் எடுத்தான். 272 படியில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். நானும் அவன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறினேன். ஊசி போட்டு பதினோராவது வாரம். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய்க் குடத்தை இறக்கி வைத்தபோது அவன் கை நடுங்கியது. "அடுத்த வருஷம் காவடி பாப்போம் அண்ணே" என்றான்.

தம்பிகளே, உங்களில் யாராவது இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தால், வெட்கப்படாமல் ஒரு மருத்துவரிடம் போங்கள். திடீரென்று தனியாக நிறுத்தவும் வேண்டாம், தனியாகத் தொடரவும் வேண்டாம். உங்களில் யாருக்காவது என்னைப் போல் குறை இருந்தால், அது ஒரு நோய், அவமானம் இல்லை. அதற்கு மருந்து இருக்கிறது. இரண்டும் இல்லாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஜிம்மில், உங்கள் வகுப்பில், உங்கள் கோயில் தொண்டர் குழுவில் ஒரு 'குச்சி' இருப்பான். யாராவது அவனைப் பார்த்துச் சிரிக்கும்போது நீங்கள் சிரிக்காமல் இருங்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். நம் இளைஞர் இயக்கம் என்று ஒன்று இருப்பதே அந்த நான்காவது இடம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே?